தண்ணி கலக்காத சரக்கு

"நாக்குலயே நிறுத்துப்பா, முழுங்கிடாத"ன்னு தாமர சொல்லி வாய மூடல, சடையன் முழுங்கிட்டாரு. முழுங்கினாருன்னு கூட சொல்லக் கூடாது, எறிஞ்சாரு. கண்ண இறுக்கி, மூச்ச அடக்கி, நாக்க ஒரு ஓரமா ஒதுக்கிட்டு, கெணத்துல கல்லப் போடற மாதிரி நேரா தொண்டைக்குள்ள. நாப்பது வருசப் பழக்கம், கை தூக்கினா மிச்சமெல்லாம் தானா நடக்கும். எறிஞ்ச கையோட அடுத்த கை ஊறுகாயத் தேடி மேசையத் தடவுது. ஊறுகா எங்கருந்து வரும்? இது அமெரிக்கா, கென்டக்கி. மக வீட்டு சமையக்கட்டு. ஜன்னலுக்கு வெளிய மத்தியான வெயிலு. வெயில்னு பேருதான், டியூப்லைட்டு மாதிரி வெளிச்சம் இருக்குது, சூட்டக் காணோம். மேசமேல வாய் சுருங்கி வயிறு உப்பின குட்டிக் கிளாசு மூணு, அடியில காப்பி நெறத்துல கொஞ்சூண்டு சரக்கு, பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி, ருசியே இல்லாத உப்பு பிஸ்கட்டு நாலு. எதிர்ல மக. அவ மூஞ்சியப் பாத்தா சின்ன வயசுல பரிச்சை பேப்பர நீட்டிட்டு நிப்பாளே, அந்த மூஞ்சி. "எங்கப்பா ருசி பாத்த? அது நேரா வயித்துக்குப் போயிடுச்சி"ன்னா. "வயித்துக்கு நாக்கு இல்லன்னு உனக்கு எவன் சொன்னான்?"னு இவரு கேட்டாரு. வாய் கேட்டுடுச்சி, அது பாட்டுக்கு. உள்ள ஒரு நெருப்புக் கம்பி எறங்கிட்டிருக்குது, கண்ணுல தண்ணி, ஆனா வாய் மட்டும் சொல்றதச் சொல்லிடும். அடுப்பாண்ட பூண்டு உரிச்சிக்கினிருந்த காசியம்மா திரும்பிப் பாக்காமயே, "அந்தாளுகிட்டப் போய் ருசி கேக்கற பாரு. நான் முப்பத்தஞ்சு வருசமா கேட்டுக்கினு இருக்கறேன், கொழம்புல உப்பு போட்டனா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் பதிலு வரல"ன்னா.

விசயம் இதான். தாமர வேல செய்யற கம்பெனியில மக்காச்சோளத்துல விஸ்கி காய்ச்சறாங்க, போர்பன்னு பேரு. ஆசாரி இழைச்ச புது மரப் பீப்பா, உள்பக்கத்தக் கரியாக் கருக்கி, அதுல ஊத்தி வருசக் கணக்கா மாடிமாடியா அடுக்கி வெச்சிடறாங்க. வருசத்துக்கு ஒரு தடவ அங்க வேல செய்யறவங்கள்ல ஒருத்தரக் கூப்பிட்டு, உனக்குப் புடிச்ச பீப்பாய நீயே எடுத்துக்கோ, அத ஒரு சொட்டுத் தண்ணி கலக்காம அப்பிடியே பாட்டில்ல அடைச்சி, ஒட்டற சீட்டுல உம்பேரப் போட்டு விக்கறோம்பாங்க. இந்த வருசம் தாமரையக் கூப்பிட்டிருக்காங்க. அவ சேந்த மொத வருசம் அவ கையால குழாயத் தொறந்து நெரப்பின பீப்பாயிங்கள்லருந்து மூணத் தேறப் பாத்து வெச்சிருக்கறா. திங்கக்கெழம காலைல எதுன்னு சொல்லியாவணும். சரியா வித்துச்சின்னா அடுத்த வருசமும் கூப்புடுவாங்க. வாங்கினவன் மூஞ்சி சுளிச்சா, அவ்ளோதான், அந்தப் பொண்ணா, அதுக்கு வராதுன்னு மூலையில உக்கார வெச்சிடுவாங்க. அவ மேனேஜரு, தாடிக்காரரு ஒருத்தரு, ரெண்டாவது கிளாசுல இருக்கறதுதான் நல்லதுன்னுட்டாரு. தாமர மனசுல எது இருக்குதுன்னு அவ வாயத் தொறக்க மாட்றா. "நான் சொன்னா நீ நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுவ. நீ மொதல்ல சொல்லு. கிண்டல் பண்ணாம, நேரா ஒரு வார்த்த." நேரா ஒரு வார்த்த. சடையன் வாயிலருந்து வளைஞ்ச வார்த்தையா ஆயிரம் கேளு, கொட்டும். நேரா ஒன்னு வேணும்னா அவரு எந்தக் கடையில போய் வாங்குவாரு?

ஜன்னலுக்கு வெளிய ஒரு மரம் நிக்குது. சடையன் அதையே பாத்தாரு. கெளை தெரியுது. கெளையில எலை தெரியுது. எலையோட ஓரம்? தெரியுது. அப்ப சரி. எந்த சரக்க உள்ள தள்ளினாலும் ஒடனே தூரத்துல இருக்கற ஒன்னப் பாக்கணும், பாத்து கண்ணு நல்லாத்தான் இருக்குதான்னு தெரிஞ்சிக்கணும், இது அவரு ஒடம்புல ஒட்டிக்கினு போன பழக்கம். மக கை பட்ட சரக்குன்னாலும் கண்ணு போய் மரத்தத்தான் தேடுது, வெக்கமா கூட இருக்குது. ஊர்ல ராசமாணிக்கம்னு ஒருத்தன் அப்பிடித்தான் சொன்னான், தட்டுல சோத்தப் போட்டுக் குடுத்தா, லைட்டப் போடுங்கடான்னு. பட்டப்பகலு. லைட்டப் போடுங்கடா. அது சடையன் மலையிலருந்து டியூபுல எறக்கி வித்த சாராயம் இல்ல. அவன் கண்ணக் கொண்டு போனது வேற எவனோ எங்கருந்தோ கொண்டாந்த கேன் சரக்கு. போலீசுக்குத் தெரியும், அதுல மாட்டினவன் வேற ஆளு, ராசமாணிக்கமே ஆசுபத்திரிக் கட்டல்ல உக்காந்து சொன்னான். ஆனா டீக்கடையில முந்திக்கினு வந்தது சடையன் பேருதான். எப்பவும் மொதல்ல வாயில வர பேரு அது, நாலெழுத்து, சொல்றதுக்கு சொகமா இருக்கும். இவரு சைக்கிள அன்னிக்கு சாத்தினதுதான், அப்புறம் மலை ஏறவே இல்ல, ஆனா பேரு மட்டும் ஏறி எறங்கிக்கினே இருந்துச்சி. இந்த மரத்தோட அடியெல்லாம் கறுப்பா இருக்குதே, தீப்புடிச்ச மாதிரி. வந்த அன்னிக்கே கேட்டாரு. பீப்பா மூச்சு விடுதுப்பா, அந்த ஆவி காத்துல வந்து படியற எடமெல்லாம் ஒரு பூஞ்சை புடிக்கும், கம்பெனிய சுத்தி மரம், செவுரு, மாதா கோயிலு எல்லாம் கறுப்புதான்னு சொன்னா. வருசா வருசம் பீப்பாயில கொஞ்சம் கொறையுமாம், அது தேவதைங்க பங்காம். நம்ம ஊர்ல அந்தப் பங்க ஏட்டய்யா எடுத்துக்குவாருன்னு சடையன் சொன்னப்ப தாமர கார ஓரங்கட்டிட்டு சிரிச்சா. அப்பிடிச் சிரிக்க வெச்சிடலாம். அது வரும். இப்ப கேக்கறது அது இல்ல.

"மறுபடி பாருப்பா, மொத கிளாசே. மூக்கக் கிட்ட கொண்டு போ, வாயக் கொஞ்சம் தொறந்தாப்ல வெச்சிக்கோ. இது கடுமையான சரக்கு, வாய மூடிக்கினு மோந்தா மூக்கு எரியும்." வாயத் தொறந்து வெச்சிக்கினு சடையன் மோந்தாரு. "கசாப்புக் கடை வாசல்ல நிக்கறாப்ல இருக்குது பாரு உங்கப்பன்"னா காசியம்மா. இவரு காதுல போட்டுக்கல. ஏதோ வருது. பழகின வாசன, ஆனா பேரு வர மாட்டேங்குது, ரோட்டுல எதிர்க்க சிரிச்சிக்கினு வர்ற ஆளு மாதிரி, யாருன்னு தெரியுது, பேருதான் சிக்கல. சரக்குன்னா சடையனுக்குத் தெரிஞ்ச ஒரே வாசன ரப்பரு. லாரி டியூபு. மலையில ரொப்பி, முடிச்சி கட்டி, சைக்கிள் கேரியர்ல மாலை மாதிரி சுத்தி, மேல கோணிய போத்தி, கல்ராயன் மலையிலருந்து எறக்கத்துல பிரேக்கு இல்லாம வந்தாருன்னா, காத்துல பறக்கறது சட்டையா உசுரான்னு தெரியாது. டியூபுல இருந்தத எவன் மோந்து பாத்தான்? மூக்கப் புடிச்சிக்கினு உள்ள தள்றதுதான் முறை. அதுக்குத்தான் ஊறுகா. ருசி வேணும்னு இல்ல, ருசி தெரியக் கூடாதுன்னு. நாப்பது வருசம் குடிச்சிருக்காரு, வித்திருக்காரு, ஊத்திக் குடுத்திருக்காரு, ஒரு தடவ கூட ருசி பாத்தது இல்ல. இப்பத்தான் அது ஒறைக்குது. நாப்பது வருசமா ஒரு வீட்டுக்குப் போய்ட்டுப் போய்ட்டு வந்து, வாசல்ல இருந்தே திரும்பிட்ட மாதிரி. அப்புறம் தண்ணி. தண்ணி கலக்காத சரக்க சடையன் வித்ததே கெடையாது, மலையிலருந்து கெளம்பறப்ப ஒரு டியூபு, ஊர் சேர்றப்ப ஒன்னர டியூபு, நடுவுல ஒரு வாய்க்கா ஓடுது, அதோட புண்ணியம். அந்த ஆளுக்குப் பொறந்தவ ஒரு சொட்டுத் தண்ணி கலக்க மாட்டேன்னு உக்காந்திருக்கறா. பெருமையா இருக்குது. சொல்லலாம். சொல்லலாம்னு நெனைக்கறப்ப தொண்டையில வந்து நின்னுக்குது, பதிலுக்கு வேற ஒன்னு வழிஞ்சி வந்துடுது.

மொதக் கிளாச இந்தத் தடவ நாக்குல ஊத்தினாரு. நாக்கு பயந்துபோய் சுருண்டுச்சி, நாப்பது வருசமா ஒதுக்கி வெச்சவன திடீர்னு கல்யாணப் பந்தியில உக்கார வெச்சா அவன் என்ன பண்ணுவான்? மொத வாய் நாக்குக்கு சேதி சொல்றதுக்குத்தான், ரெண்டாவது வாய்லதான் ருசி தெரியும்னு தாமர சொன்னா. ரெண்டாவது வாய். ம். நல்ல பெட்டி. புது மரப்பெட்டி, கல்யாணத்துக்கு வாங்கின பீரோவத் தொறந்தா வருமே. பரவால்ல. தப்பு ஒன்னும் இல்ல. வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு ஓரமா உக்காந்துக்கற மாப்பிள்ளை மாதிரி. "சொல்லுப்பா." "ஊம்"னாரு. "ஊம்னா?" "ஊம்னா ஊம். பாஸு போட்டுடலாம், ரேங்க்கு வராது." இப்பிடிச் சொன்னதுக்கே தாமர தலைய ஆட்டிக்கிட்டா, ஏதோ ஒன்னு சரியா வந்துச்சி போலருக்குது. அப்ப இந்த நாக்குக்கு ஏதோ தெரியுது. சடையன் கொஞ்சம் நிமுந்து உக்காந்தாரு.

ரெண்டாவது கிளாசு வாய்க்குப் போனதும் "அட"ன்னுட்டாரு. கடல மிட்டாய். சத்தியமா கடல மிட்டாய்தான், அதுவும் பாகு கொஞ்சம் கூடப் போய் செவந்து வந்த கடல மிட்டாய், பின்னாடி பஸ் ஸ்டாண்டு பேக்கரி வாசல்ல வர்ற அந்த கேக்கு வாசன. எரியுது, எரியலன்னு சொல்ல முடியாது, ஆனா எரிச்சல் கூட தட்டிக் குடுத்துக்கினே எரியுது. "தாமர, இது மக்காச்சோளம்தான? நம்ம கொல்லையில போடற அதே சோளம்தான?" "அதேதாம்ப்பா. பாதிக்கு மேல சோளம், இல்லன்னா போர்பன்னே சொல்லக் கூடாது." "காசி, கேட்டியா. நாம கோழிக்குப் போட்டமே." "கோழி முட்ட வெச்சிது. நீ என்னா வெச்ச?"ன்னா காசியம்மா. இவளுக்கு வாய் மட்டும் எந்த ஊர் தண்ணிக்கும் கெடாது. சின்னசேலத்து மண்டியில லாரி லாரியா ஏத்துவான், அத்தினியும் கோழித் தீவனத்துக்கு, மஞ்ச மஞ்சேன்னு தார் ரோட்டுல பாதிய மறைச்சிக் காய வெப்பான், பஸ்சுக்காரன் திட்டுவான். அந்த சோளம் இங்க பீப்பாயில ஏறி உக்காந்துக்கினு என்னா வாழ்வு வாழுது. ஆள் வேற ஊருக்குப் போனாத்தான் யாருன்னு தெரியுது, சோளத்துக்கும் அதான், மகளுக்கும் அதான். இது எல்லாருக்கும் புடிக்கும். தாடிக்காரரு விவரமானவருதான். இதப் போட்டா தப்பாகாது, எவனும் மூஞ்சி சுளிக்க மாட்டான், திங்கக்கெழம காலைல இதுன்னு சொல்லிட்டு வந்து நிம்மதியா சோறு திங்கலாம். சொல்லிடலாம். இதுதான்மா. சொல்ல வாயத் தொறந்தாரு, தொறந்த வாயிக்குள்ள இனிப்பு அதுக்குள்ள காணாமப் போயிருந்துச்சி. எங்க போச்சி? இப்பத்தான இருந்துச்சி. நாக்கால மேலண்ணத்தத் தடவிப் பாத்தாரு. ஒன்னும் இல்ல. வந்துச்சி, சிரிச்சிச்சி, போயிடுச்சி.

ஒட்டற சீட்டோட மாதிரிய தாமர பிரிட்ஜு மேல காந்தத்துல மாட்டி வெச்சிருக்கறா. பீப்பா நம்பர் போடற எடம் மட்டும் வெள்ளையா இருக்குது. கீழ அவ பேரு, இங்கிலீஷுல. செந்தாமரை சடையன். நம்ம ஊர்ல அப்பன் பேரு மொத எழுத்தா, புள்ளி வெச்சி, கதவோரம் நிக்கற ஆளு மாதிரி நிக்கும், எஸ்.செந்தாமரைன்னு. இங்க வந்தா பாஸ்போர்ட்டுக்காரன் அத இழுத்துப் புடிச்சி நடு வீட்டுல உக்கார வெச்சிட்டான். கம்பெனியில யாரும் அவள செந்தாமரைன்னு கூப்புடறது இல்ல, மிஸ் சடாயன், மிஸ் சடாயன். வந்த ரெண்டாம் நாளு அந்த தாடிக்காரரு இவரு கையப் புடிச்சிக் குலுக்கிக்கினே, "மிஸ்டர் சடாயன்"னாரு, சடையன் பின்னாடி திரும்பிப் பாத்தாரு, எவனையோ கூப்புடறாப்லன்னு. அந்தப் பேர அவ்ளோ மரியாதையா எவனும் கூப்பிட்டது கெடையாது. அந்தப் பேருக்கு முன்னாடி எப்பவும் ஒரு சொல்லு தொத்திக்கினு வரும், சாராயக்கார சடையன். பள்ளிக்கூடத்துல அப்பா என்னா வேலன்னு டீச்சரு கேட்டதுக்கு, வியாபாரம்னு தாமர சொல்லிட்டு உக்காரப் போனா, பின்னாடி பெஞ்சு பசங்க கிளாசு தூக்கிக் குடிக்கற மாதிரி கையக் காட்டினானுங்களாம். வந்து சொல்லல அவ. காசியம்மா சொன்னா, பல நாளு கழிச்சி, சோறு போடறப்ப, கொழம்ப ஊத்திக்கினே. பொண்ணு பாக்க வந்த சேலத்துக்காரங்க காப்பி டம்ளர கையில வாங்கிட்டு, உங்களுக்கு என்னா பேரு சொன்னீங்கன்னு ரெண்டாந்தரம் கேட்டாங்க. காப்பி பாதியில நின்னுச்சி. அன்னிக்கு ராத்திரி தாமர வந்து, நல்லதாப் போச்சிப்பா, அந்தாளுக்கு மூக்குல மயிருன்னா. சிரிச்சாரு. சிரிச்சிட்டு மாட்டுக் கொட்டாயிக்குப் போயிட்டாரு. இப்ப இந்தப் பேர பாட்டில் மேல போட்டு, ஊர் முழுக்க விக்கப் போறாளாம். இவ்ளோ நாளா சரக்கு பக்கத்துல பேரு வரக் கூடாதுன்னுதான் ஓடினாரு. கரும்புக் காட்டுக்குள்ள குப்புறப் படுத்துக்கினு, போலீசு டார்ச்சு தலைக்கு மேல போறப்ப, சாமி, பேரு மட்டும் வரக் கூடாதுன்னு வேண்டினாரு, காலு ஒடிஞ்சாலும் பரவால்லன்னு. அந்தப் பேருதான். சரக்கு சரியில்லன்னா? வெள்ளக்காரன் ஒருத்தன் குடிச்சிட்டு த்தூன்னுட்டு, சடையனா, எவன்டா அவன்னு கேட்டா? ஒரு ஊர்ல கெட்டது பத்தாதுன்னு ரெண்டாவது ஊர்லயும் கெட்டுடுச்சின்னா, இந்தத் தடவ அது அவ பேரும் இல்லியா.

"மூணாவது"ன்னா தாமர. சொல்லிட்டு கைய மேசைக்கு அடியில எடுத்துக்கிட்டா. சடையன் அதப் பாத்தாரு. "இது மேல் மாடியில இருந்த பீப்பாப்பா. கூரைக்கு நேரா கீழ. வெயில் காலத்துல அங்க நிக்க முடியாது, தண்ணி ஆவியாப் போயிடும், சரக்கு நின்னுக்கும். நூத்துக்கு அறுவத்தெட்டு. பாத்துக் குடி." "நம்ம கடையில விக்கறது?" "நாப்பத்தி ரெண்டு, சில்லற." "ஏ அப்பா. இது குடிக்கறதா, வண்டிக்கு ஊத்தறதா?" சொல்லிக்கினே வாயில வெச்சாரு. வெச்சதும் வாயி இல்ல. நாக்கு இல்ல, பல்லு இல்ல, மூஞ்சில பாதி இல்ல, அடுப்ப முழுங்கின மாதிரி, துப்பிடு, துப்பிடுன்னு உள்ளருந்து ஒருத்தன் கத்தறான், கத்தறவன் இந்த ஜென்மத்துல எல்லாத்துக்கும் ஓடினவன், கரும்புக் காட்டுக்குள்ள ஓடினவன், இவரு துப்பல. எறியவும் இல்ல. நாக்குலயே வெச்சிருந்தாரு. மக எதிர்ல உக்காந்திருக்கறா, ஆறு வருசம் கூரைக்குக் கீழ வெந்தத ஒரு நிமிசம் வாயில வெச்சிக்க முடியாதா? வெச்சிருந்தாரு. அப்புறம் நெருப்பு நவுந்து எடம் விட்டுச்சி. எடம் விட்டதும் பின்னாடியே ஒன்னு ஒன்னா உள்ள வருது. மொதல்ல கருகின வெல்லம், ஆலையில கொப்பரை அடி ஒட்டினது. அப்புறம் பட்டை கிராம்பு, பிரியாணி அண்டாவத் தொறந்த மாதிரி. அப்புறம் பொயிலை. அப்புறம் கறுத்துப் பழுத்த நாவப்பழம், வாயத் தொவர்ப்பாக்கிட்டு இனிக்குமே அது. இதெல்லாம் எங்கருந்து வருது? சோளத்துல ஏது நாவப்பழம்? முழுங்கினாரு. முழுங்கினது கீழ எறங்கி, நெஞ்சுக் குழியில நின்னு, அங்கருந்து ரெண்டு பக்கமும் பரவி, முதுகு வரைக்கும் சுத்தி வந்துச்சி. கையத் தூக்கி நெஞ்சுல வெச்சிக்கிட்டாரு. "வந்துடுச்சா?"ன்னு தாமர கேட்டா. "எதோ வந்துக்கினு இருக்குது. என்னா இது?" "இங்க இதுக்கு கென்டக்கிக் கட்டிப்புடின்னு பேருப்பா. நல்ல சரக்கு உள்ள போய் ஆளக் கட்டிப் புடிக்குமாம்."

கட்டிப் புடிக்குது. ஏர்போர்ட்டுல அத்தினி பேரு நடுவுல இவ ஓடி வந்து கட்டிப் புடிச்சா, இவருக்கு கைய எங்க வெக்கறதுன்னே தெரியல, பையத் தூக்கறாப்ல குனிஞ்சிட்டாரு. பெத்த பொண்ண கடைசியா தூக்கினது அவ நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் பேச்சுலயே தூக்கினாரு, கிண்டல்லயே கொஞ்சினாரு, பன்னெண்டாவதுல ஜில்லாவுல பேரு வந்தப்ப கூட, பரவால்லியே, பேப்பர்க்காரனுக்கு வேற போட்டா கெடைக்கலியான்னுதான் கேட்டாரு, கேட்டுட்டு அந்தப் பேப்பர மடிச்சி சைக்கிள் சீட்டுக்கு அடியில வெச்சிக்கினு சுத்தினாரு, மழையில நனைஞ்சி கூழாகற வரைக்கும். அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருக்கும். தெரியாமலும் இருக்கும். மூணாவது கிளாச திரும்ப எடுத்தாரு. எரிச்சலு அதேதான், ஆனா இப்ப நாக்குக்கு ஆளு தெரிஞ்சிடுச்சி, பயப்படல. முழுங்கி எவ்ளோ நேரம் ஆச்சி, இன்னும் வாயில இருக்குது. ரெண்டாவது சிரிச்சிட்டுப் போயிடுச்சி, இது உக்காந்து பேசுது. ஆனா இது எல்லாருக்கும் ஆவாது. பாதிப் பேரு மொத வாய்லயே கிளாச தள்ளிடுவான். தாமர பாதிப் பேர நம்பி நிக்கணும். எது நல்லதுன்னு கேட்டா ரெண்டாவது. எது இவள மாதிரின்னு கேட்டா மூணாவது. எதச் சொல்றது? ரெண்டுன்னு சொன்னா அவளுக்கு வேல நிக்கும். மூணுன்னு சொல்லி அது ஊத்திக்கிச்சின்னா, சாராயம் கடத்தின அப்பன் பேச்சக் கேட்டா பாரு. வாய் இப்பவே ஒரு கிண்டலத் தயார் பண்ணிடுச்சி, மூணையும் ஒன்னா ஊத்திக் கலக்கி எங்க வாய்க்காத் தண்ணிய விட்டுடுன்னு. நல்ல கிண்டலுதான். சொன்னா சிரிப்பா. சிரிச்சிட்டு கிளாச எடுத்துக் கழுவப் போயிடுவா, இனிமே இவர கேக்க மாட்டா. அந்தக் கிண்டல வாயில வெச்சிக்கினு, நாக்கால அப்பிடி இப்பிடி பொரட்டி, முழுங்கிட்டாரு. நெருப்பு முழுங்கினதவிட கஷ்டமா இருந்துச்சி.

"ரெண்டாவது நல்லாருக்குது"ன்னாரு.

தாமர தலைய ஆட்டினா. மூஞ்சி மாறல, ஆனா தோளு கொஞ்சம் கீழ எறங்கிச்சி. "சரிப்பா. எங்க மேனேஜரும் அதான் சொன்னாரு."

"இரு, நான் முடிக்கல. ரெண்டாவதக் குடிச்சவன் நல்லாருக்குன்னுட்டு கிளாசக் கீழ வெப்பான். வெச்சிட்டு பொண்டாட்டிகிட்ட, ஏன்டி மழ வருமான்னு வேற கத பேசுவான். மூணாவதக் குடிச்சவன் கத பேச முடியாது. மொதல்ல இருமுவான். அப்புறம் நெஞ்சுல கைய வெச்சிக்கினு கம்முனு உக்காந்துருவான். அப்புறம் பாட்டில எடுத்துத் திருப்பி, எவங்கை சரக்குடா இதுன்னு பேரப் பாப்பான்."

காசியம்மா திரும்பி நின்னு கைய முந்தானையில தொடைச்சிக்கினிருந்தா.

"எனக்கும் மூணாவதுதாம்ப்பா"ன்னா தாமர. கொரலு அடியில போயிருந்துச்சி. "ஆனா அவன் திருப்பிப் பாத்தா அங்க எம்பேரு மட்டும் இல்ல. சடையன்னும் இருக்கும். நல்லா யோசிச்சி சொல்லு. வேணாம்னா செந்தாமரைன்னு மட்டும் போடச் சொல்லிடறேன், அவங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

சடையன் பிரிட்ஜு மேல இருந்த சீட்டப் பாத்தாரு. இங்கிலீஷு படிக்கத் தெரியாது, ஆனா எது அவரு பேருன்னு தெரியும், வந்த அன்னிக்கே தாமர வெரல வெச்சிக் காட்டியிருந்தா. கீழ் வரி, கடைசியா இருக்கறது. அவளோடதவிட நீளம் கம்மி. ஒரு கிறுக்கலும் இல்லாம, நேரா, ஒவ்வொரு எழுத்தும் தனியா முதுகு நிமுந்து நிக்குது. டீக்கடையில சொன்னவன், காப்பி டம்ளர பாதியில வெச்சவன், பின் பெஞ்சுல கையக் காட்டினவன், அத்தினி பேரும் வரிசையில வந்து அதுக்கு முன்னாடி நின்னானுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அவனுங்க வாயில நூத்துக்கு அறுவத்தெட்டு இருந்துச்சி.

"போடட்டும்"னாரு. "திருப்பிப் பாக்கட்டும். இத்தினி நாளு பாக்காமயேதான பேசினானுங்க."